வெரிஃபைய அணைச்சு வச்ச அஞ்சு வாரம்: நாலு லோக்கல் சைட்டுக்கு ஹெச்டிடிபிஎஸ் போட்ட நிகழ்வு ஆய்வு

மே மாசம் மூணாவது வாரம் ஒரு ராத்திரி, வேற ஏதோ மெமரி பிரச்சனைக்காக லைவ் சர்வரோட லாக்கை மேஞ்சுக்கிட்டு இருந்தேன். அப்ப சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆன ஒவ்வொரு தடவையும் ஒரே எச்சரிக்கை வரி விழுந்திருக்கிறது கண்ணுல பட்டுச்சு. எங்க சர்வரை ஓட்டுற நோட் ஜேஎஸ் தானா போடுற வரி அது. டிஎல்எஸ்ங்கிறது ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில ஓடுற பூட்டு, எதிர்ல நிக்கிறது யாருன்னு சோதிக்கிறதும் (வெரிஃபை) அதோட வேலை. டிஎல்எஸ் ரிஜெக்ட் அன்ஆதரைஸ்ட்ங்கிற என்விரான்மென்ட் வேரியபிள் பூஜ்யத்துல இருக்கு, அதாவது அந்த சோதனை அணைஞ்சிருக்கு, இதனால டிஎல்எஸ் கனெக்சன் எதுவுமே பாதுகாப்பா இல்லைன்னு அதுவே சொல்லுது. முதல் தடவை எப்ப விழுந்திருக்குன்னு மேல தேடிப் போனா ஏப்ரல் 14. அதாவது மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்கிறதுக்கு மொத நாள் நாங்க புது வெர்சன் ஏத்துன அன்னைக்கு. அஞ்சு வாரமா எங்க லைவ் சர்வர் எதிர்ல யாரு நிக்கிறாங்கன்னு கேக்காமலே கணக்கைக் குடுத்து வாங்கிக்கிட்டு இருந்திருக்கு.

இது எப்படி நடந்துச்சு, எங்க ஆரம்பிச்சுச்சு, என்ன செஞ்சு சரி பண்ணோம்னு முழுசா எழுதி வைக்கிறேன். எங்கள மாதிரி ஒரே லேப்டாப்புல நாலஞ்சு சைட்டு ஓட்டுற சின்ன டீம் நம்ம பக்கம் இப்ப நெறைய இருக்கு, ராம்நாடு, பரமக்குடி, கீழக்கரைன்னு. அவங்க யாரும் இதே வழியில வந்து விழக்கூடாதுங்கிறதுக்காகத்தான் எழுதுறேன்.

நாங்க மூணு பேர். மண்டபத்துல ஒரு மாடி ரூம்ல இருந்து வேலை. நான் பாம்பன், கீழக்கரையில இருந்து வர்ற காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒருத்தர், தங்கச்சிமடத்து தம்பி ஒருத்தன். கையில நாலு சைட்டு இருந்துச்சு. கருவாடு விக்கிற ஒரு அக்காவுக்கு வேர்ட்பிரஸ் கடை, ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜுக்கு லாராவெல்ல புக்கிங் சைட்டு, விசைப்படகு வச்சிருக்கிற சம்மாட்டிகளுக்கு படகுக் கணக்கு சைட்டு, இது நோட் ஜேஎஸ், அப்புறம் இந்த மூணுக்கும் பொதுவா லாகின் பாக்குற ஒரு ஏபிஐ, அதாவது மத்த சைட்டுங்க கூப்பிட்டுக் கேக்குற ஒரு சர்வர். படகுக் கணக்குதான் எங்களுக்கு உசுரு. டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, முன்பணம் யாருக்கு குடுத்தது, பங்கு எப்படி பிரியுது, எல்லாம் அதுல. வலை போட்ட இடத்தைக் குறிச்சு வைக்க ஒரு பட்டனும் இருக்கு, கடல்ல டவர் கிடைக்காதுங்கிறதால நெட் இல்லாமலும் ஓடணும்.

ஏப்ரல் முதல் வாரம், படகெல்லாம் தொழிலுக்குப் போய்க்கிட்டு இருந்தப்ப, வடகடல் பக்கம் இறங்குதளத்துல வச்சு ஒரு சம்மாட்டிக்கு காட்டலாம்னு போனோம். லேப்டாப்புல ஹாட்ஸ்பாட் போட்டு, எங்க டெஸ்ட் போன்ல ஐபி நம்பரும் 3000 போர்ட்டும் அடிச்சு திறந்தாச்சு. கணக்குப் பக்கமெல்லாம் நல்லா வருது. இடம் குறிக்கிற பட்டனை அமுக்குனா ஒண்ணுமே நடக்கல. லேப்டாப்புல அதே பட்டன் சரியா வேலை செய்யுது. தம்பி போனோட லொகேசன ஆன் ஆஃப் பண்ணிப் பாத்தான், பெர்மிசன் பாத்தான், போனை ரீஸ்டார்ட் பண்ணான். வெயில்ல நின்னு அரை மணி நேரம். சம்மாட்டி மாமா கடைசியில "விடு தம்பி, அப்புறம் பாத்துக்கலாம், ஐஸ் வண்டி வந்துருச்சு"ன்னு போயிட்டார்.

காரணம் போன்ல இல்ல. குரோம்ல 50-ஆவது வெர்சன்ல இருந்து, அதாவது 2016 ஏப்ரல்ல இருந்து, ஹெச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்துக்கு லொகேசன் குடுக்கிறதே இல்ல. ஆனா லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு, அந்த மெசினுக்குள்ளயே ஓடுறதுதானேன்னு பிரவுசர் அதைப் பாதுகாப்பானதா எடுத்துக்கிடும். அதுனாலதான் லேப்டாப்புல ஓடுது. போன்ல இருந்து பாக்கும்போது அது லோக்கல்ஹோஸ்ட் இல்ல, ஏதோ ஒரு ஐபி, வெறும் ஹெச்டிடிபி, அதுனால விலக்கு கிடையாது. நெட் இல்லாம ஓட வைக்கிற சர்வீஸ் ஒர்க்கருக்கும் இதே சட்டம். ஆக, லேப்டாப்புல மட்டும் பாத்துட்டு "ஓடுது"ன்னு சொன்னதே எங்களோட முதல் தப்பு.

அன்னைக்கு ராத்திரியே அவசரத்துல ஓப்பன்எஸ்எஸ்எல் வச்சு தானே கையெழுத்து போட்டுக்கிற ஒரு செர்டிபிகேட் (சைட்டு தான் யாருன்னு காட்டுற அடையாளச் சீட்டு) செஞ்சோம். போன்ல சிவப்பு எச்சரிக்கை வந்துச்சு, அட்வான்ஸ்ட் அமுக்கி உள்ள போனோம், லொகேசன் வந்துருச்சு, சந்தோசம். ஆனா சர்வீஸ் ஒர்க்கர் பதியல. எச்சரிக்கைய மனுசன் அமுக்கித் தாண்டலாம், சர்வீஸ் ஒர்க்கர் விசயத்துல குரோம் அதை ஏத்துக்காது, செர்டிபிகேட்ல பிழை இருந்தா அந்த ஸ்கிரிப்ட்டையே எடுக்க மாட்டேங்குது. இன்னொரு பக்கம் படகுக் கணக்கோட நோட் சர்வர் லாகின் ஏபிஐய கூப்பிட்டா, இந்த செர்டிபிகேட்டுக்கு கையெழுத்து போட்டவரை எனக்குத் தெரியாதுன்னு கதவை சாத்திருச்சு. அது செஞ்சது நூத்துக்கு நூறு சரி. அங்கதான் "காலையில பாத்துக்கலாம், இப்பதைக்கு"ன்னு அந்த பூஜ்யத்தை என்வி ஃபைல்ல (வேரியபிள் எல்லாம் எழுதி வைக்கிற ஃபைல்) எழுதினோம். எழுதின கை யாருதுங்கிறது முக்கியமில்ல, மூணு பேரும் ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். அந்த ஃபைல காப்பி பண்ணித்தான் ஏப்ரல் 14 லைவுக்குப் போச்சு.

இது என்ன பெருசா, லைன் என்க்ரிப்ட் ஆகித்தானே போகுதுன்னு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. என்க்ரிப்ட் ஆகித்தான் போகுது, ஆனா யாருக்குப் போகுது? இருட்டுல எதிர்ல ஒரு படகு டார்ச் அடிச்சு "நான்தான்"னு கத்துது, நம்ம ஆளான்னு பாக்காமலே கயிறை வீசுற மாதிரி இது. படகுக் கணக்கு ஒரு சர்வர்ல இருக்கு, லாகின் ஏபிஐ வேற கம்பெனியோட சர்வர்ல இருக்கு, நடுவுல பொது இன்டர்நெட். நடுவுல ஒருத்தன் பூந்து தானே ஏபிஐன்னு சொல்லி எந்த செர்டிபிகேட்ட நீட்டினாலும் எங்க சர்வர் தலையாட்டியிருக்கும், லாகின் டோக்கன அவன் கையில குடுத்திருக்கும்.

மே மாசம் லாக்ல பாத்த அன்னைக்கு ராத்திரியே பூஜ்யத்தை எடுத்து சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணோம். லைவ்ல ரெண்டு பக்கமும் நல்ல செர்டிபிகேட்தான் இருந்துச்சு, அதுனால எடுத்த உடனே எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு. தேவையே இல்லாத இடத்துல அஞ்சு வாரம் கெடந்திருக்கு. மறுநாள் ஏபிஐ சாவி எல்லாத்தையும் மாத்தி, எல்லாரோட லாகினையும் வெட்டி விட்டு, மறுபடி உள்ள வர வச்சோம்.

ஆனா விசயம் அங்க முடியல. லோக்கல்ல செர்டிபிகேட் கோளாறா கெடக்குற வரைக்கும் யாராவது ஒரு ஆள் ஒரு அவசரத்துல மறுபடி வெரிஃபைய அணைப்பாங்க. அதுனால லைவ் எப்படி இருக்கோ லோக்கலும் அப்படியே இருக்கணும், எங்கயும் எதையும் அணைக்காம பச்சையா ஓடணும்னு முடிவு பண்ணோம். ஜூன் 14 ராத்திரியோட தடைக்காலம் முடியுது, 15-ஆம் தேதி படகு இறங்கும், அதுக்குள்ள.

பேரு வைக்கிறதுலயே ஒரு பாடம்

அதுவரைக்கும் நாலு சைட்டும் லோக்கல்ஹோஸ்ட்ல வேற வேற போர்ட்டுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுல ஒரு தொந்தரவு ரொம்ப நாளா இருந்துச்சு: லாட்ஜ் சைட்டுல லாகின் பண்ணா சில நேரம் இன்னொரு சைட்டுல லாகின் போயிரும். லாகினை நினைவு வச்சுக்க பிரவுசர்ல வைக்கிற குக்கிக்கு போர்ட் நம்பர் ஒரு பொருட்டே இல்ல, லோக்கல்ஹோஸ்ட்னா எல்லாமே ஒரே வீடுதான் அதுக்கு. ஒரே பேருல ரெண்டு சைட்டு குக்கி வச்சா பின்னால வந்தது முன்னால இருந்ததை அழிச்சிரும். இந்த சைட்டை ஹெச்டிடிபிஎஸ்ல மட்டுமே திறன்னு பிரவுசருக்கு சொல்ற ஹெச்எஸ்டிஎஸ் ஹெட்டரும் அப்படித்தான். ஒரு தடவை ஒரு சைட்டுல அந்த ஹெட்டரைப் போட்டுட்டோம், லோக்கல்ஹோஸ்ட்ல இருந்த மத்த போர்ட்டையும் பிரவுசர் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குத் தள்ளிக்கிட்டே இருந்துச்சு, குரோம் நெட் இன்டர்னல்ஸ் பக்கத்துல போய் லோக்கல்ஹோஸ்ட்டை அழிச்ச பிறகுதான் நின்னுச்சு. அதுனால ஒவ்வொரு சைட்டுக்கும் சொந்தமா ஒரு பேரு வேணும்.

டாட் டெவ்னு வைக்கலாமான்னா கூடாது, அது நெசமான டொமைன், 2017 டிசம்பர்ல வந்த குரோம் 63-ல இருந்து அந்த முடிவுல இருக்கிற எல்லாப் பேரையும் பிரவுசர் கட்டாயமா ஹெச்டிடிபிஎஸ்ல மட்டும்தான் திறக்கும். டாட் லோக்கல் வைக்கலாமான்னா அது ஒரே நெட்வொர்க்குல இருக்கிற மெசின்களைப் பேரால தேடுற மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்குனது, பேரைத் தேடுறதுலயே சுணங்கும். டாட் டெஸ்ட்தான் சரி. 1999-லயே இதுக்குன்னு ஒதுக்கி வச்ச பேரு, யாருக்கும் விக்க மாட்டாங்க, நாளைக்கு நெசமான சைட்டா வந்து நிக்காது.

இங்கதான் நான் ஒரு தப்பு பண்ணேன், இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன். கடல் டாட் டெஸ்ட்னு ஒரே டொமைன வச்சு, அதுக்குக் கீழ கருவாடு, லாட்ஜ், படகு, லாகின்னு சப்டொமைனா போட்டா எல்லா சப்டொமைனுக்கும் பொருந்துற ஒரே ஒயில்டுகார்டு செர்டிபிகேட்ல வேலை முடிஞ்சிரும்னு நினைச்சேன். பாக்க அழகா இருந்துச்சு. லாகின் எல்லா சைட்டுலயும் ஒரே தடவையில ஒட்டுச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஸ்டேஜிங்ல (லைவ் மாதிரியே வச்சிருக்கிற சோதனை சர்வர்) ஏத்தினா கருவாட்டுக் கடையில லாகின் ஒட்டவே மாட்டேங்குது. காக்காதான் உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிச்சார். "தம்பி, லைவ்ல நம்ம சைட்டு எல்லாம் வேற வேற டொமைன். இங்க நீ எல்லாத்தையும் ஒரே குடும்பம் ஆக்கிட்ட"ன்னார். அதேதான். ஒரே டொமைனுக்குக் கீழ இருக்கிற சப்டொமைன்களை பிரவுசர் ஒரே சைட்டா எடுத்துக்கிடும், சேம்சைட் லேக்ஸ்னு குறிச்ச குக்கியும், அதாவது வேத்து சைட்டு ரிக்வஸ்ட்டோட போகாதன்னு கட்டி வச்சதும், தாராளமா போகும். லைவ்ல கருவாட்டுக் கடையோட பக்கத்துல இருந்து லாகின் ஏபிஐக்கு ரிக்வஸ்ட் போனா அது வேத்து சைட்டு, குக்கி போகாது. சேம்சைட்டை "நன்"ங்கிறதுக்கு மாத்தி செக்யூர் போட்டா குரோம்ல போகும், ஆனா சஃபாரி 2020-ல இருந்து அடுத்த சைட்டு குக்கிய மொத்தமா தடுத்துருது, லாட்ஜுக்கு ஐபோன் ஆளுங்க நெறைய வர்றாங்க. கடைசியில லாகினையே ரீடைரக்ட் முறைக்கு, அதாவது லாகின் சைட்டுக்கே போயிட்டுத் திரும்பி வர்ற மாதிரி, மாத்தினோம். அதோட பேரையும் மாத்தினோம், கருவாடு டாட் டெஸ்ட், லாட்ஜ் டாட் டெஸ்ட், படகு டாட் டெஸ்ட், லாகின் டாட் டெஸ்ட், நாலும் தனித்தனி. லைவ்ல எப்படிப் பிரிஞ்சிருக்கோ அப்படியே லோக்கல்லயும் பிரிஞ்சிருந்தாத்தான் பிழை இங்கயே கண்ணுல படும்.

இன்னொண்ணு, எல்லாத்துக்கும் சேத்து ஸ்டார் டாட் டெஸ்ட்னு ஒரு ஒயில்டுகார்டு எடுத்துரலாமேன்னு தோணும். ஆகாது, பெரும்பாலான பிரவுசர் அவ்வளவு அகலமா இருக்கிற ஒயில்டுகார்ட ஏத்துக்காது. அதோட ஒயில்டுகார்டு ஒரு படிக்கு மட்டும்தான், மொட்டையா இருக்கிற டொமைன் பேருக்கும் அது சேராது.

ரூட்டு, இலை

லோக்கல் பேருக்கு வெளிய யாரும் செர்டிபிகேட் தர மாட்டாங்க. இலவசமா செர்டிபிகேட் குடுக்கிற லெட்ஸ் என்க்ரிப்ட்டும் தராது, தர முடியாது, டாட் டெஸ்ட் உன்னுதுதான்னு எப்படி நிரூபிப்ப? அதுனால நாமளே ஒரு ரூட் அத்தாரிட்டியா இருந்து, அந்த ரூட்டை நம்ம மெசின் நம்புற மாதிரி பதிஞ்சு, அதை வச்சு ஒவ்வொரு சைட்டோட செர்டிபிகேட்டுக்கும் (அதுதான் இலை) கையெழுத்து போட்டுக்கணும். முன்ன இதை ஓப்பன்எஸ்எஸ்எல்ல கையால செய்வோம், பழைய குறிப்பைப் பாத்து காமன் நேம் மட்டும் போட்டு விட்டுருவோம், பேரு பொருந்தலன்னு பிரவுசர் திட்டும். 2017-ல வந்த குரோம் 58-ல இருந்து காமன் நேமை அது பாக்கிறதே இல்ல, சப்ஜெக்ட் ஆல்டர்னேட்டிவ் நேம்ங்கிற இடத்துல பேரு இருந்தாத்தான் கணக்கு. இந்த வேலையெல்லாம் எம்கேசெர்ட்ங்கிற கருவி பாத்துக்கிடும், ஃபிலிப்போ வால்சோர்டா 2018-ல வெளியிட்டது. இன்ஸ்டால்ங்கிற ஆப்ஷனோட ஒரு தடவை ஓட்டினா ரூட்டை செஞ்சு மெசினோட நம்பிக்கைப் பட்டியல்ல சேத்துரும், அப்புறம் பேரைக் குடுத்தா செர்டிபிகேட்டும் சாவியும் ரெண்டு ஃபைலா வந்து விழும். ரெண்டு வருசம் மூணு மாசத்துக்கு செல்லும். உபுண்டுல ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் மெசினோட பட்டியலைப் பாக்காம தனிப் பட்டியல் வச்சிருக்கும், அதுக்கு லிப்என்எஸ்எஸ்3-டூல்ஸ் பேக்கேஜை முன்னாடியே போட்டு வைக்கணும், இல்லன்னா மெசின் நம்புது, பிரவுசர்ல மட்டும் சிவப்புன்னு குழம்புவோம்.

இப்ப அந்த ரூட் சாவியப் பத்தி. இந்த வேலை முழுக்க எனக்கு ரொம்ப பயம் குடுத்த இடம் இதுதான். மூணு மெசின்லயும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு தம்பி நல்ல எண்ணத்துல அந்த ரூட் ஃபோல்டரை அப்படியே நாங்க கோடு பகிர்ற கிட் ரெப்போல போட்டு புஷ் பண்ணிட்டான். அந்த ஃபோல்டர்ல ரெண்டு ஃபைல் இருக்கும். ஒண்ணு ரூட்சிஏ டாட் பெம், அது ஊருக்கே காட்டலாம். இன்னொண்ணு ரூட்சிஏ ஹைஃபன் கீ டாட் பெம். அது யார் கையில இருக்கோ அவங்க அந்த ரூட்டை நம்புற மெசினுக்கு எந்தப் பேருலயும் செர்டிபிகேட் செஞ்சு தரலாம், படகு டாட் டெஸ்ட்டுக்கு மட்டுமில்ல, உன் பேங்க் பேருக்கும், உன் மெயில் பேருக்கும். பிரவுசர் ஒரு எச்சரிக்கையும் காட்டாம நல்லதுன்னு எடுத்துக்கிடும். நான் அவனைக் கூப்பிட்டு உக்கார வச்சு இதை சொன்னப்ப "அண்ணே, இது வெறும் லோக்கல் சாவின்னுதான் நினைச்சேன்"னான். பேருதான் லோக்கல், நம்புறது முழு பிரவுசரும். ரெப்போல இருந்து ஃபைல அழிச்சா பத்தாது, பழைய கமிட்ல கெடக்கும். அதுனால மூணு மெசின்லயும் அந்த ரூட்டை அன்இன்ஸ்டால் பண்ணி, ஃபோல்டரையும் அழிச்சு, ஒவ்வொரு மெசினுக்கும் தனித்தனி ரூட் புதுசா செஞ்சோம். சாவி பொறந்த மெசினை விட்டு நகரக்கூடாது, பென்டிரைவ், வாட்ஸ்அப், கிட் எதுலயும் ஏறக்கூடாது. இந்த ஒரு விசயத்துல மட்டும் எங்களுக்குள்ள சலுகையே கிடையாது.

என்ஜின்எக்ஸ் முன்னால

எல்லா சைட்டுக்கும் முன்னால, வர்ற ரிக்வஸ்ட்டை உரிய சைட்டுக்கு அனுப்புற என்ஜின்எக்ஸ் சர்வர் ஒண்ணை 443-ல, அதாவது ஹெச்டிடிபிஎஸ்ஸோட போர்ட்டுல, உக்கார வச்சோம். ஒரே ஐபி, ஒரே போர்ட், நாலு செர்டிபிகேட். இது முடியுறதுக்குக் காரணம் எஸ்என்ஐ. பிரவுசர் கைகுலுக்குற முதல் மெசேஜ்லயே எந்தப் பேரைத் தேடி வந்திருக்கேன்னு சொல்லிரும், சர்வர் அதுக்கேத்த செர்டிபிகேட்ட எடுத்து நீட்டும். ஆனா அந்தப் பேருக்கு பிளாக் இல்லைன்னா என்ஜின்எக்ஸ் சும்மா இருக்காது, அந்தப் போர்ட்டுல முதல்ல எழுதியிருக்கிற பிளாக்கை எடுத்துக் குடுத்துரும். லாட்ஜுக்கு சர்வர் நேம்ல ஒரு எழுத்து தப்பா போட்டிருந்தேன், லாட்ஜை திறந்தா கருவாடு டாட் டெஸ்ட்டோட செர்டிபிகேட் வந்து நிக்குது, பேரு பொருந்தலன்னு சிவப்பு. அரை நாள் செர்டிபிகேட்ட மாத்தி மாத்தி செஞ்சு பாத்தேன். எச்சரிக்கைப் பக்கத்துலயே செர்டிபிகேட்டைத் திறந்து யாரு பேரு இருக்குன்னு பாத்திருந்தா ஒரு நிமிசம். இப்பெல்லாம் சிவப்பு வந்தா முதல் வேலை அதுதான், என்ன பேரு, யாரு கையெழுத்து, எந்தத் தேதி வரைக்கும், மூணையும் படிக்கிறது.

வேர்ட்பிரஸ் முடிவில்லாம ரீடைரக்ட் ஆச்சு. வெளிய ஹெச்டிடிபிஎஸ், என்ஜின்எக்ஸ்ல இருந்து உள்ள வெறும் ஹெச்டிடிபி, வேர்ட்பிரஸ் தான் பாதுகாப்பில்லாம நிக்கிறேன்னு நினைச்சு திரும்பத் திரும்ப அனுப்புது. வெளிய எந்த முறையில வந்துச்சுன்னு சொல்ற எக்ஸ் ஃபார்வர்டட் புரோட்டோ ஹெட்டரை என்ஜின்எக்ஸ்ல இருந்து அனுப்பி, டபிள்யூபி கான்ஃபிக்ல அதைப் பாத்து ஹெச்டிடிபிஎஸ் ஆன்னு சொல்லிக் குடுத்தா நின்னுரும். லாராவெல்ல இதே வேலைக்கு டிரஸ்ட் பிராக்ஸிஸ்னு ஒண்ணு இருக்கு. இதெல்லாம் சொன்னா ரெண்டு வரி, அதிகம் பேச ஒண்ணுமில்ல.

பேச வேண்டியது சர்வருக்கும் சர்வருக்கும் நடுவுல நடக்கிற பேச்சு, ஏன்னா எங்க மொத்தப் பிரச்சனையும் பொறந்த இடம் அதுதான். பிரவுசர் நம்பிருச்சுங்கிறதுக்காக நோட்டும் நம்பும்னு இல்ல, பிஹெச்பியும் டாக்கர் கன்டெய்னரும் அப்படித்தான். ஒவ்வொண்ணும் தனிப் பட்டியல் வச்சிருக்கு. நோட் தனக்குள்ளயே ஒரு பட்டியலோட வருது, அதுக்கு நோட் எக்ஸ்ட்ரா சிஏ செர்ட்ஸ்ங்கிற வேரியபிள்ல ரூட்சிஏ டாட் பெம் ஃபைலோட பாதையக் குடுத்துட்டு அப்புறம் நோட்டை ஸ்டார்ட் பண்ணணும். ஓடிக்கிட்டு இருக்கிறப்ப என்வி ஃபைல்ல இருந்து ஏத்தினா எடுத்துக்காது. தம்பியோட விண்டோஸ் மெசின்ல பிஹெச்பி ஓட்ட எக்ஸாம்ப், அங்க லாட்ஜ் சைட்டு ஏபிஐய கூப்பிட்டா கர்ல் எரர் 60, செர்டிபிகேட்டை நம்ப முடியலங்கிற பிழை. அந்த நம்பரைத் தேடினா வெரிஃபை பியரை ஃபால்ஸ் ஆக்குன்னுதான் முதல்ல கண்ணுல படும். அதைத் தொடவே கூடாது. பிஹெச்பி டாட் ஐஎன்ஐல கர்ல் சிஏஇன்ஃபோக்கு ஒரு ஃபைல் காட்டணும், அந்த ஃபைல்ல வழக்கமான பொது ரூட் எல்லாமும் இருக்கணும், கடைசியில நம்ம ரூட்டையும் ஒட்டணும். நம்ம ரூட்டை மட்டும் காட்டினா லோக்கல் ஓடும், பேமென்ட் கேட்வேயோட டெஸ்ட் சர்வர் நின்னுரும்.

மேல சொன்ன பூஜ்யத்துக்கும் இந்த நோட் எக்ஸ்ட்ரா சிஏ செர்ட்ஸுக்கும் உழைப்புல வித்தியாசம் ஒரே ஒரு வரிதான். அது சோதனையையே நிறுத்துது, இது சோதனைக்கு ஒரு முகத்தைக் கூடுதலா அறிமுகப்படுத்துது. தப்பித்தவறி லைவுக்குப் போனாலும் முதலாவது கதவைத் திறந்து போடும், ரெண்டாவது அந்த ஃபைல் இல்லன்னு ஒரு எச்சரிக்கைய மட்டும் எழுதிட்டு வழக்கம்போல சோதிச்சுக்கிட்டு இருக்கும்.

போனும் சம்மாட்டி மாமாவும்

லேப்டாப்புல ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல பேரை எழுதிக்கலாம், போன்ல அது முடியாது. உபுண்டுல ஹாட்ஸ்பாட் போட்டா நெட்வொர்க் மேனேஜர் தானே ஒரு டிஎன்எஸ்மாஸ்க்கை (பேரைக் கேட்டா ஐபி சொல்ற சின்ன சர்வர்) ஓட்டுது, லேப்டாப்புக்கு பொதுவா 10.42.0.1-ங்கிற ஐபி. நெட்வொர்க் மேனேஜர் ஃபோல்டருக்குள்ள டிஎன்எஸ்மாஸ்க் ஹைஃபன் ஷேர்டு டாட் டின்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுல ஒரு சின்ன ஃபைல் போட்டு நாலு பேரையும் அந்த ஐபிக்கு காட்டினா போன் கேக்கிறப்ப சரியா பதில் போகும். போன்ல பிரைவேட் டிஎன்எஸ்ல யாராவது ஒரு சர்வர் பேரைக் குடுத்து வச்சிருந்தா இது எடுபடாது. வைஃபைல இன்டர்நெட் இல்லைன்னு ஆண்ட்ராய்டு கேக்கும், இருந்தாலும் இதுலயே இருக்கேன்னு அமுக்கணும், இல்லன்னா அது நைசா மொபைல் டேட்டாவுக்குத் தாவிரும், படகு டாட் டெஸ்ட் எங்கயுமே இல்லைன்னு வரும்.

எங்க டெஸ்ட் போன்ல ரூட்டை செட்டிங்ஸ் வழியா ஏத்தினோம், குரோம் ஏத்துக்கிச்சு. ஐபோன்ல ஏத்தினா மட்டும் பத்தாது, அபவுட்டுக்குள்ள செர்டிபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ்ல போய் முழு நம்பிக்கைன்னு தனியா ஆன் பண்ணணும். ஆப்பா செஞ்சு வச்சிருந்த வெர்சன் மட்டும் அடம் பிடிச்சுச்சு. ஆண்ட்ராய்டு 7-ல இருந்து நாம ஏத்துற ரூட்டை ஆப்புங்க தானா நம்புறதில்ல. நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக்ல டீபக் ஓவர்ரைட்ஸ்னு ஒரு பகுதி இருக்கு, அதுக்குள்ள எழுதினா சோதனைக்கு செய்யுற டீபக் பில்டுல மட்டும் நம்பும், ரிலீஸ் பில்டுல அந்தப் பகுதி செல்லவே செல்லாது. லைவுக்கு கசியவே முடியாதபடி கட்டியிருக்காங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு அது.

ஜூன் முதல் வாரம் மறுபடி இறங்குதளம். படகெல்லாம் கட்டிக் கெடக்கு, பெயின்ட் வேலை நடக்குது, சம்மாட்டி மாமாவுக்கு இப்ப நேரம் இருக்கு. என் போன்லயே காட்டு, உன் போன்ல பாத்து எனக்கென்னன்னார். தம்பி உடனே அவர் போனை வாங்கி எங்க ரூட்டை ஏத்திட்டான். அடுத்த நிமிசம் நோட்டிஃபிகேசன்ல நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்னு வந்துச்சு. மாமா கண்ணாடியப் போட்டுப் படிச்சார். "என்னப்பா இது, என் போனை யாரோ பாக்குறாங்கன்னு சொல்லுது?"

எனக்கு சுருக்குன்னுச்சு. அவர் கேட்டது சரி. அந்த ரூட் சாவி என் லேப்டாப்புல இருக்கு, அவர் போன்ல அந்த ரூட் இருக்கிற வரைக்கும் நான் நினைச்சா அவரோட பிரவுசர் போக்குவரத்தை நடுவுல நின்னு பாக்க முடியும், என் லேப்டாப் திருடு போனா திருடுனவனாலயும் முடியும். அங்கயே அதை எடுத்துட்டேன், எடுத்ததை அவருக்கு காமிச்சேன். கஸ்டமர் போன்ல எங்க ரூட் ஏறவே கூடாதுன்னு அன்னைக்கு முடிவாச்சு.

அப்ப அவர் போன்ல எப்படிக் காட்டுறது? எங்ககிட்ட நெசமான ஒரு டொமைன் இருக்கு. அதுக்குக் கீழ டெமோவுக்குன்னு ஒரு பேரை வச்சு லெட்ஸ் என்க்ரிப்ட்ல டிஎன்எஸ் முறையில செர்டிபிகேட் எடுத்தோம். அந்த முறையில சர்வர் வெளிய இருந்து எட்டுற மாதிரி இருக்கணும்னு அவசியமே இல்ல, டொமைனோட டிஎன்எஸ்ல அவங்க சொல்ற ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டைப் போட்டு டொமைன் என்னுதுதான்னு காட்டினா போதும். 90 நாளைக்கு செல்லும், கெடு முடியுறதுக்கு முன்னாடி புதுப்பிக்கணும், எடுக்கிற பேரு பொதுப் பதிவுல ஏறி எல்லாருக்கும் தெரியும், அதுனால கஸ்டமர் பேரையெல்லாம் அதுல வைக்கக்கூடாது. ஹாட்ஸ்பாட்டோட டிஎன்எஸ்மாஸ்க்ல அந்தப் பேரையும் 10.42.0.1-க்கு காட்டியாச்சு. மாமா போன்ல எதையும் ஏத்தல, எதையும் அமுக்கித் தாண்டல, வைஃபை மட்டும்தான் மாத்தினார். பட்டனை அமுக்கினார். இடத்தைக் காட்டுற, 9.28, 79.1ன்னு ஆரம்பிக்கிற எண் ரெண்டும் வந்து நின்னுச்சு. ஹாட்ஸ்பாட்டை நிறுத்திட்டு மறுபடி அமுக்கச் சொன்னேன், அப்பவும் வந்துச்சு, பக்கமும் திறந்துச்சு. சர்வீஸ் ஒர்க்கர் உக்காந்துருச்சு.

இடையில ரூம்ல பழைய டெஸ்க்டாப் ஒண்ணு திடீர்னு எல்லா சைட்டுக்கும் தேதி தப்புன்னு சிவப்பு காட்டுச்சு. உப்புக்காத்துல போர்டெல்லாம் பூத்துப் போயிருந்துச்சு, கரண்ட் போய் வந்தா மெசினோட தேதி பல வருசம் பின்னால போயிரும், பொறக்காத செர்டிபிகேட்டை அது எப்படி நம்பும். போர்டுல தேதியக் காப்பாத்துற சிமாஸ் பேட்டரி மாத்தினதும் சரியாச்சு.

இப்ப ரெப்போல கமிட் பண்றதுக்கு முன்னாடி ஓடுற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருக்கு. ரிஜெக்ட் அன்ஆதரைஸ்ட், வெரிஃபை பியர் ஃபால்ஸ், சாவி ஃபைல், இதுல எது இருந்தாலும் கமிட்டை நிறுத்திரும். போட்ட அன்னைக்கே நாலு சைட்டோட பழைய கோடையும் அதுல ஓட்டிப் பாத்தோம், லாட்ஜ் சைட்டுல எப்பவோ எழுதின ஒரு வெரிஃபை பியர் ஃபால்ஸ் சிக்குச்சு. அதையும் எடுத்தாச்சு, லாட்ஜ் அண்ணனுக்கும் சொல்லியாச்சு.

சம்மாட்டி மாமாகிட்ட அந்த அஞ்சு வாரத்தைப் பத்தி டெமோ முடிஞ்ச கையோட சொன்னேன். காக்கா, "காட்டுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்"னு பின்னால சொன்னார், அவர் சொன்னது சரிதான். மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "எங்க கணக்கை யாரும் பாத்திருக்காங்களா?"ன்னு கேட்டார். லாக்ல அப்படி எதுவும் தென்படல மாமா, ஆனா இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ண முடியாது, சாவியெல்லாம் மாத்திட்டோம்னேன். "மத்த சம்மாட்டிககிட்ட?"ன்னார். இன்னும் சொல்லல. "நீயே சொல்லிரு, எங்க வாயில இருந்து போக வேணாம்"னுட்டு பெயின்ட் அடிக்கிற இடத்துக்குப் போயிட்டார். மிச்சம் பதினோரு பேர். அன்னைக்கு சாயங்காலம் ஒவ்வொருத்தருக்கா போன் போட ஆரம்பிச்சேன்.